சம்பாவா, என்எஃப்எஸ்ஸா: வந்திருப்பது யார் என்று சேர்வர் எப்படி அறிகிறது?

கல்லடியில் நாங்கள் நடத்துகிற கல்யாண ஸ்டூடியோவில் ஆறு கணினிகள். நாலில் விண்டோஸ், இரண்டில் உபுண்டு என்ற லினக்ஸ். படங்கள் எல்லாம் ஒரே லினக்ஸ் சேர்வரில். உபுண்டு இரண்டையும், சேர்வரின் கோப்புகளை வலையமைப்பில் பகிரும் முறையான என்எஃப்எஸ் வழியாக இணைத்திருந்தோம். ஒருநாள் ஒரு தம்பி தன் கணினியிலிருந்து மற்றத் தம்பியின் கோப்புறையைத் தெரியாமல் அழித்துவிட்டார். ஒரு கல்யாணத்தின் பாதிப் படங்கள் போயின. அனுமதிகள் எல்லாம் ஆளுக்காள் சரியாகத்தான் போட்டிருந்தோம்.

என்எஃப்எஸ் வழக்கமான அமைப்பில் கடவுச்சொல் கேட்பதே இல்லை. கணினியின் ஐபி முகவரி சேர்வரின் பட்டியலில் இருந்தால் போதும், கதவு திறக்கும். பிறகு 'கேட்பவர் 1000ஆம் எண் பயனர்' என்று அந்தக் கணினி சொல்வதை சேர்வர் அப்படியே நம்பும். உபுண்டுவில் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000தான் எண். தம்பிமார் இருவரும் 1000. சேர்வருக்கு இருவரும் ஒரே ஆள்!

விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறை எஸ்எம்பி; அதை லினக்ஸ் சேர்வரில் பேசுகிற மென்பொருள் சம்பா. எஸ்எம்பி என்எஃப்எஸ் போல் இல்லை. போர்ட் 445இல் இணைந்ததும், எந்தப் பதிப்பில் பேசுவது என்று இரு பக்கமும் முடிவு செய்யும். அடுத்தது ஆள் யார் என்ற கேள்வி. என்டிஎல்எம் என்ற விண்டோஸ் சரிபார்ப்பு முறையில் சேர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணை அனுப்பும். கணினி அதையும் கடவுச்சொல்லையும் வைத்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். கடவுச்சொல் கம்பியில் போவதில்லை. ஆனால் அந்த விடையை இடையில் பிடிக்கிறவர் ஆறுதலாக ஊகித்துப் பார்க்கலாம், எனவே கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். முதல் பதிப்பான எஸ்எம்பி 1ஐ மூடிவிடுங்கள்; 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை என்ற தீநிரல் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. ஒரு விண்டோஸ் கணினி ஒரே சேர்வருக்கு ஒரு நேரத்தில் ஒரு பெயரில்தான் இணையும். வேறு பெயரில் நுழைய, பழைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

தனிச் சேர்வர் ஒன்று ஆளைச் சரிபார்த்து அனுமதிச் சீட்டுக் கொடுக்கும் முறையான கெர்பரோஸைச் சேர்த்தால் என்எஃப்எஸ்ஸும் ஆளைச் சரிபார்க்கும். ஆனால் கணினிகளின் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் பொதுவாக அனுமதி மறுக்கப்படும். கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பின்னுக்குப் போகிற பழைய மதர்போர்டுகளை வைத்துக்கொண்டு எங்களால் அதைக் கட்டி மேய்க்க முடியாது.

இப்போது ஆறு கணினிகளும் சம்பாவில், ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். என்எஃப்எஸ்ஸை சேர்வருக்கும் பேக்கப் கணினிக்கும் இடையே மட்டும், மற்றவை எட்டாத தனிக் கேபிளில் வைத்திருக்கிறோம்.