ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்காதபோது மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொன்னார்கள்

வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு வெளியூரில் இருப்பவர்கள், காரையும் கூடவே நிறுத்தி வைத்திருந்தால் இதைப் படித்துவிடுங்கள். காரைக்குடியில் அப்பச்சியின் கார் ஆண்டில் பத்து மாதம் கொட்டகையிலேயே நிற்கும். கல்யாணம், கோயில் காரியம் என்று நாங்கள் சென்னையிலிருந்து வரும்போதுதான் அதை வெளியே எடுப்போம். சென்ற மாதம் குன்றக்குடி தாண்டிப் பிள்ளையார்பட்டிக்குப் போகையில், குறுக்கே வந்த மாட்டுக்காகப் பிரேக்கை அழுத்தியபோது, கார் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு எதிரே வந்த பேருந்தின் பாதையில் பாதி நுழைந்து நின்றது. பேருந்து ஓட்டுநர் ஒதுக்கியதால் தப்பினோம்.

ஊருக்குள் ஒரு பட்டறையில் காரை விட்டோம். சக்கரத்தைக்கூடக் கழற்றாமல், "மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சுங்கய்யா" என்றார் பட்டறைக்காரர். பெடலை அழுத்தும்போது நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம் அது. மறுநாள் மாலை மாஸ்டர் சிலிண்டர், பிரேக் பேடு, முன்சக்கரங்களுக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் இரண்டு, ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 9,800 ரூபாய் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். பழைய பாகங்களைக் கேட்டேன். காயலான் கடைக்காரர் அள்ளிக்கொண்டு போய்விட்டாராம். கோவிலூர் வரை ஓட்டிப் பார்த்தபோதும் கார் முன்போலவே இழுத்தது. புதுப் பேடு தேய்ந்து செட்டாக வேண்டும் என்றார் பட்டறைக்காரர். அது பொய்யில்லை, ஆனால் ஒரு பக்கம் அறவே பிடிக்காமல் இருப்பதற்கு அது காரணமாகாது.

தேவகோட்டையில் உறவினர் ஒருவர் சொன்ன மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் காரை இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவந்து, முன்சக்கரங்களின் அருகே உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். வலது சக்கரம் அனலடித்தது. இடது சக்கரம் ஆறிக் கிடந்தது. இந்தக் காரில் இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரே பிரேக் ஆயில் லைனில் இருப்பதால், மாஸ்டர் சிலிண்டரில் பழுது என்றால் இரண்டும் சேர்ந்தே கெட்டிருக்கும், பெடலும் கீழே இறங்கியிருக்கும், ஒரு சக்கரம் மட்டும் கெட்டால் பழுது அந்தச் சக்கரத்தை ஒட்டித்தான் இருக்கும் என்று விளக்கினார்.

என்னைப் பெடலை அழுத்தச் சொல்லிவிட்டு, ஏர் எடுக்கும் நிப்பிளை, அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றச் சக்கரத்தருகே இருக்கும் சிறு திறப்பைத் திறந்தார். வலது பக்கம் ஆயில் பீய்ச்சியடித்தது, அதுவும் கடுங்காப்பி நிறத்தில். புது ஆயிலுக்குக் காசு வாங்கியவர் சக்கரம் வரை பழையதை வெளியேற்றவே இல்லை. இடது பக்கம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஹோஸைக் கழற்றியதும் இரும்புக் குழாயிலிருந்து ஆயில் தாராளமாக வந்ததால், அடைப்பு ஹோஸுக்குள்ளேயே என்று உறுதியாயிற்று. "இதுவா புது ஹோஸ்?" என்று அவர் துணியால் துடைத்ததும் கறுப்புப் பாலிஷ் ஒட்டிக்கொண்டு வந்தது, அடியில் ரப்பர் வெடித்திருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டிக் காட்டினார். உள்ரப்பர் ஊதிப்போய், ஊசி நுழையும் அளவுக்கே துவாரம் மிஞ்சியிருந்தது.

ஹோஸ் இரண்டையும் மாற்றி, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்துப் புது ஆயில் நிரப்பியதற்குக் கூலியோடு 1,900 ரூபாய்தான் ஆனது. ஓட்டாமல் நின்றாலும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 (DOT 3) என்ற தரத்தில் வரும் புதிய பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரமேறியபின் அதற்கான அளவு 140தான். ஆகவே கிலோமீட்டர் கணக்குப் பாராமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார்.

வெட்டிய ஹோஸை எடுத்துக்கொண்டு காரைக்குடிப் பட்டறைக்குப் போனேன். பையன் தவறாக மாட்டிவிட்டான் என்று சொல்லி, ஹோஸுக்கு வாங்கிய 1,100 ரூபாயை மட்டும் திருப்பிக் கொடுத்தார். மாஸ்டர் சிலிண்டர் பற்றிக் கேட்டதற்கு, "அதான் புதுசு போட்டுட்டோமேய்யா" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.