விடுபட்ட மதிப்பை யார் நிரப்புவது? நான்கு தரவுத்தளங்களில் இயல்பு மதிப்பு

ஆர்டர்களைப் பதிந்துவைக்கும் ஓர் அட்டவணையில் ‘நிலை’ என்றொரு நெடுவரிசை இருப்பதாகவும், அதன் இயல்பு மதிப்பாக (மதிப்பு தரப்படாதபோது தானாக நிரப்பப்படுவதாக) ‘புதியது’ என்பதை நாம் அறிவித்திருப்பதாகவும் கொள்வோம். புதிய பதிவைச் சேர்க்கும் இன்சர்ட் கட்டளையில் அந்த நெடுவரிசையின் பெயரையே குறிப்பிடாமல் விட்டால், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் ஆகிய நான்கு தரவுத்தளங்களுமே ‘புதியது’ என்று நிரப்பிக்கொள்ளும். அவற்றுக்கிடையே முழு ஒற்றுமை ஏறக்குறைய இத்துடன் முடிந்துவிடுகிறது.

நெடுவரிசையின் பெயரைக் குறிப்பிட்டு, அதற்கு நல் (NULL, ‘மதிப்பு இல்லை’ என்பதற்கான குறி) என்று வெளிப்படையாக அனுப்பினால் என்ன ஆகும் என்பதில்தான் பலர் முதலில் ஏமாறுகிறார்கள். நல் அனுப்புவதும் ஒரு மதிப்பை அனுப்புவதாகவே கொள்ளப்படுவதால், இயல்பு மதிப்பு அங்கே தலையிடாது. நெடுவரிசை நல்லை ஏற்குமானால் நல்லே பதிவாகும், ஏற்காதெனில் பிழை எழும். ஜாவா நிரலைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் ஹைபர்னேட் போன்ற கருவிகள் வேறு அமைப்பு தரப்படாத வரையில் எல்லா நெடுவரிசைகளையும் பெயர் சொல்லியே அனுப்புவதால், அட்டவணையில் கவனமாக எழுதிவைத்த இயல்பு மதிப்பு ஒருமுறைகூடப் பயன்படாமல் கிடப்பதுண்டு. ஆரக்கிள் மட்டும் 2013இல் வெளிவந்த 12சி பதிப்பில் ‘டீஃபால்ட் ஆன் நல்’ என்ற வழியைத் திறந்தது: நல் வந்தாலும் இயல்பு மதிப்பே பதியப்படும், அந்த நெடுவரிசையும் தானாகவே நல்லை ஏற்காததாக மாறிவிடும். மற்ற மூன்றிலும் இதே விளைவு வேண்டுமானால் பதிவு சேரும்போது தானாக இயங்கும் நிரலான ட்ரிகரை எழுத வேண்டும். நான்கினுள் எனக்குப் பொறாமை தரும் வசதி இது ஒன்றுதான்.

மைஎஸ்கியூஎல்லில் இதற்கு நேர் எதிரான ஒரு பழைய பழக்கம் உண்டு. பொருந்தாத, விடுபட்ட மதிப்புகளைப் பிழையாக நிறுத்தும் கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்தால், நல்லை ஏற்காத, இயல்பு மதிப்பும் அறிவிக்கப்படாத ஒரு நெடுவரிசையை விட்டுவிடும்போது, அது பிழை காட்டாமல் எண்ணுக்கு 0 என்றும் எழுத்துக்கு வெற்றுச் சரம் என்றும் தானே இட்டுக்கொள்ளும். 2015இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பு முறை தொடக்கத்திலேயே இயங்கினாலும், பழைய அமைப்புக் கோப்புடன் மேம்படுத்தப்பட்ட சர்வர்களில் அது இன்றும் அணைந்தே இருக்கக்கூடும். விலை என்ற இடத்தில் யாரும் தராத ஒரு 0 உட்கார்ந்திருப்பதைவிட, கட்டளை தோற்றுப்போவதே மேல்.

எதை இயல்பு மதிப்பாக வைக்கலாம் என்பதிலும் மைஎஸ்கியூஎல்தான் தாமதமாக வந்தது. நடப்பு நேரம் என்ற விதிவிலக்கைத் தவிர, 2018இன் 8.0.13 வரை மாறிலிகளை மட்டுமே அது அனுமதித்தது. அதன்பின் அடைப்புக்குறிக்குள் கோவைகளை, அதாவது கணக்கிட்டு மதிப்பைத் தரும் தொடர்களை, எழுதலாம். ஆனால் வந்தபோது ஒரு படி கூடுதலாகவே வந்தது: அந்தக் கோவை அதே அட்டவணையின் பிற நெடுவரிசைகளைக் குறிப்பிடலாம், போஸ்ட்கிரெஸ்ஸில் அது முடியாது.

ஏற்கெனவே கோடிக்கணக்கான பதிவுகள் உள்ள அட்டவணையில் இயல்பு மதிப்புடன் புதிய நெடுவரிசையைச் சேர்க்கும்போதுதான் இந்த ஒப்பீடு நடைமுறையில் கனம் பெறுகிறது. போஸ்ட்கிரெஸ் 11 வரும் வரை, அதாவது 2018 வரை, இது முழு அட்டவணையையும் திரும்ப எழுதும் வேலையாக இருந்தது. அது முடியும் வரை வாசிப்புகூட நின்றுபோகும் என்பதால், முதலில் வெறும் நெடுவரிசையைச் சேர்த்து, பிறகு இயல்பு மதிப்பைத் தனியே அறிவித்து, கடைசியில் பழைய பதிவுகளைப் பகுதி பகுதியாக நிரப்புவதே வழக்கமாக இருந்தது. பதிப்பு 11 அந்த மதிப்பை அமைப்பு அட்டவணையில் ஒரே ஒருமுறை குறித்துக்கொண்டு, பழைய பதிவுகளை வாசிக்கும்போது அங்கிருந்து எடுத்துத் தருகிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் மாறும் ரேண்டம் போன்ற சார்பை வைத்தால் மட்டும் பழையபடி முழுவதும் எழுதப்படும். நடப்பு நேரத்தைத் தரும் நௌ சார்பு அந்த வகையில் சேராது. அது ஒருமுறையே கணக்கிடப்படுவதால், பழைய பதிவுகள் அனைத்தும் நெடுவரிசையைச் சேர்த்த ஆல்டர் கட்டளை ஓடிய நேரத்தையே தம் பதிவு நேரமாகக் காட்டும். ஆரக்கிள் 11ஜி, நல்லை ஏற்காத நெடுவரிசைகளுக்கு இத்தகைய வசதியை முன்பே தந்திருந்தது, மைஎஸ்கியூஎல் 8.0.12இல் உடனடிச் சேர்ப்பைப் பெற்றது.

எஸ்கியூஎல் சர்வர் இங்கே தனி வழி போகிறது. நல்லை ஏற்கும் நெடுவரிசையை இயல்பு மதிப்புடன் சேர்த்தால், மற்ற மூன்றிலும் பழைய பதிவுகள் அந்த மதிப்பைக் காட்டும். இதில் ‘வித் வேல்யூஸ்’ என்று கூடுதலாக எழுதாவிட்டால் அவை நல்லாகவே நிற்கும். மேலும் இதில் இயல்பு மதிப்பு என்பது பெயருள்ள ஒரு கட்டுப்பாடு. நாம் பெயர் சூட்டாவிட்டால் அது தானே ஒரு குறியீட்டுப் பெயரை உருவாக்கிக்கொள்ளும், அதுவும் சர்வருக்கு சர்வர் வேறுபடும். நெடுவரிசையை நீக்கும் முன் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியாக வேண்டும் என்பதால், சோதனைச் சர்வரில் ஓடிய ஸ்கிரிப்ட் உற்பத்திச் சர்வரில் பெயர் தெரியாமல் நின்றுவிடும். அட்டவணையை உருவாக்கும் நாளிலேயே கட்டுப்பாட்டுக்கு ஒரு பெயரை எழுதிவிட்டால், பிற்பாடு அதைத் தேடி எடுக்கும் வேலை மிச்சம்.