பிரித்தானியப் பதிவுக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ்ஸா, ஓ.ஈ.ரி.யா?

திருகோணமலையிலிருந்து பிரித்தானியாவின் தாதியர் மற்றும் மருத்துவிச்சியர் பேரவையில் பதிவுபெற விரும்பும் தாதியர், ஐ.ஈ.எல்.ரி.எஸ் (பொதுவான சர்வதேச ஆங்கிலப் பரீட்சை), ஓ.ஈ.ரி (சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சை) ஆகிய இரண்டில் ஒன்றின் மூலம் ஆங்கிலப் புலமையை நிரூபிக்கலாம். ஐ.ஈ.எல்.ரி.எஸ் கல்விசார் பிரிவில் வாசித்தல், கேட்டல், பேசுதல் ஆகியவற்றுக்குத் தலா 7 புள்ளியும் எழுத்துக்கு 6.5 புள்ளியும் தேவை. ஓ.ஈ.ரி.யில் அவை முறையே 'பி', 'சி பிளஸ்' ஆகும்.

உண்மையான வேறுபாடு எழுத்தில்தான் இருக்கிறது. ஐ.ஈ.எல்.ரி.எஸ் 60 நிமிடங்களில் ஒரு வரைபட விளக்கத்தையும், நகரமயமாக்கம் போன்ற பொதுப் பொருளில் 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரையையும் கேட்கிறது. வைத்தியசாலை விடுதியில் நோயாளரின் குறிப்பேட்டை ஆண்டுக்கணக்கில் ஆங்கிலத்தில் எழுதிவந்தவருக்கும் இது அந்நியமாகவே தோன்றும். ஓ.ஈ.ரி.யோ நோயாளர் பற்றிய குறிப்புகளைத் தந்து, அவற்றில் வேண்டியதை மட்டும் தெரிந்தெடுத்து, 45 நிமிடங்களில் பரிந்துரைக் கடிதமோ விடுவிப்புக் கடிதமோ எழுதச் சொல்கிறது. எதை விடுவது என்று தீர்மானிப்பதே இங்கு கடினம். பேச்சுத் தேர்விலும் நோயாளரோடு அல்லது உறவினரோடு உரையாடும் இரு நடிப்புகள் உண்டு.

கட்டணத்தில் ஐ.ஈ.எல்.ரி.எஸ் மலிவானது, பல்கலைக்கழக அனுமதிக்கும் பரவலாகப் பயன்படும். மேற்படிப்பு எண்ணம் இல்லாத, விடுதி அனுபவமுள்ள தாதியருக்கு, செலவு கூடினாலும் ஓ.ஈ.ரி.யையே பரிந்துரைப்பேன். பெறுபேறு இரண்டு ஆண்டுகளே செல்லுபடியாகும் என்பதால், ஏனைய ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்கிய பின்னரே பரீட்சைக்குப் பணம் கட்டுவது நல்லது.