தயோஃப்ளேவின் டி: நான்கிழை டி.என்.ஏ.வைத் தேடுவோர்க்கான மஞ்சள் பொடி

டி.என்.ஏ.வின் நான்கு காரங்களுள் ஒன்றான குவானின் மிகுந்த இழை ஒன்று வழக்கமான இரட்டைச் சுருளை விட்டு, தன்மேல் தானே மடிந்து நான்கிழை வடிவமான ஜி-குவாட்ருப்ளெக்ஸாக மாறியிருக்கிறதா என்று அறியப் பல வழிகள் உண்டு. அவற்றுள் அரை மணி நேரத்தில், ஒளிர்வை அளக்கும் சாதாரண ஃப்ளோரோமீட்டரைக் கொண்டே முதல் விடையைத் தருவது தயோஃப்ளேவின் டி என்னும் சாயம். சில ஆண்டுகளாக இதை அன்றாடம் கையாண்டு வருகிறேன். இச்சாயத்தை வாங்க எண்ணுவோருக்குப் பயன்படட்டும் என்றே இம்மதிப்புரையை எழுதுகிறேன்.

இது புதிய பொருள் அன்று. திசுக்களில் படியும் அமிலாய்டு புரதத்தைக் காண 1959 முதல் பயன்பட்டு வருவது. மனித டெலோமியர் (குரோமோசோமின் முனைப் பகுதி) டி.என்.ஏ.வின் நான்கிழை வடிவத்தோடு சேரும்போதும் இது பளிச்சென்று ஒளிர்கிறது என்பதைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தையும் ஐஐடி பம்பாயையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் காட்டினர். சாய மூலக்கூறின் இரு பகுதிகளை இணைக்கும் ஒற்றைப் பிணைப்பு நீரில் தடையின்றிச் சுழல்வதால், ஒளியிலிருந்து பெற்ற ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் அச்சுழற்சியிலேயே வீணாகிவிடுகிறது. நான்கு குவானின்கள் சேர்ந்த தட்டின்மேல் சாயம் ஒட்டியதும் சுழற்சி தடைப்பட, அந்த ஆற்றல் ஒளியாக வெளிவருகிறது. எனவே ஒட்டாத சாயத்தைக் கழுவி நீக்க வேண்டிய தேவையே இல்லை. எனக்கு இச்சாயத்தில் மிகவும் பிடித்த தன்மை இதுதான்.

டெலோமியரின் TTAGGG வரிசை நான்கு முறை வரும் ஒரு குறுகிய இழையைப் பொட்டாசியம் உள்ள பஃபரில் (அமிலத்தன்மை மாறாத கரைசலில்) மடியவிட்டுச் சாயத்தைச் சேர்த்து நீல ஒளியில் பிடித்தால், குழாய் முழுவதும் நீலம் கலந்த பச்சையாக எரிவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அருகிலுள்ள இரட்டை இழைக் குழாயோ மங்கியே இருக்கும். கருவியில் அளக்கும்போது 425 நானோமீட்டரில் தூண்டி 490 நானோமீட்டர் அருகே படிப்பது வழக்கம்.

இனி, வாங்கும்போது கவனிக்க வேண்டியது. முதல் புட்டியிலிருந்து பொடியை எடைபோட்டுக் கரைசல் செய்து, அடுத்த புட்டி வந்ததும் அதே எடையில் மீண்டும் செய்தேன்; இரண்டின் ஒளிர்வும் ஒத்துவரவில்லை. பல நாள் குழம்பிய பிறகே புட்டியின் சிட்டையை முழுதாகப் படித்தேன்: பொடியில் சாயம் ஏறத்தாழ 65 சதவீதமே இருந்தது. விற்பனைக்கு வரும் பொடிகள் பலவும் இப்படித்தான் என்பதால், எடையை நம்பாமல் 412 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து செறிவைக் கணக்கிடுவதே முறை. மோலார் உறிஞ்சல் குணகத்தை 36,000 என்று கொண்டால், ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (கரைசலை இட்டு அளக்கும் சிறு கலத்தில்) 10 மைக்ரோமோலார் கரைசல் 0.36 காட்ட வேண்டும். கரைசலை வடிகட்டி, ஃபாயில் சுற்றி இருட்டில் வைத்தால் நெடுநாள் தாங்கும்.

சாயத்தின் பெரிய குறை வேறொன்று. இது நான்கிழையைக் காட்டுவதோடு நிற்பதில்லை. மடியாமல் இருக்கும் இழையை மடியவும் தூண்டுகிறது. பொட்டாசியத்துக்குப் பதிலாக லித்தியம் உப்பு இட்டால் டெலோமியர் இழை மடியாது, ஆகவே ஒளிராது என்று நம்பிக் கண்ட்ரோல் குழாய் ஒன்றை வைத்தேன், அதுவும் ஒளிர்ந்தது. பஃபரில் பொட்டாசியம் கலந்துவிட்டதோ என்று ஒரு வாரம் தேடியும் பயனில்லை. சாயம் இல்லாமலும் சாயம் சேர்த்தும் இழையின் மடிப்பைக் காட்டும் வட்ட இருநிறத் தன்மை நிறமாலையைப் பதிவு செய்த பிறகுதான், மடிப்பின் அடையாளம் சாயத்தோடு வந்தது என்று தெளிந்தது. ஆகவே ஒளிர்வைக் கண்டவுடனே 'இந்த வரிசை இயல்பாகவே நான்கிழை' என்று எழுதிவிடுவது பிழை. சாயம் சேராத மாதிரியில் அந்த நிறமாலையைப் பார்த்த பிறகே அவ்வாறு எழுத வேண்டும்.

மாற்றுச் சாயங்களில் தயசோல் ஆரஞ்சு இரட்டை இழையிலும் தாராளமாக ஒளிர்வதால் இப்பணிக்கு நேரடியாக உதவாது. என்-மெத்தில் மீசோபோர்ஃபிரின் இரட்டை இழையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறது. 399 நானோமீட்டரில் தூண்டினால் 610 அருகே சிவப்பாக ஒளிரும். ஆனால் இழைகள் ஒரே திசையில் ஓடும் நான்கிழையையே அது விரும்பும். எதிரெதிர்த் திசையில் ஓடுவதை ஏறத்தாழக் காணாமல் விட்டுவிடும். எனவே அதையும் தயோஃப்ளேவினையும் தனித்தனிக் குழாய்களில் இட்டு ஒப்பிடுகிறேன். தயோஃப்ளேவினில் ஒளிர்ந்து மற்றதில் மங்கினால் இழைகளின் திசை குறித்து ஒரு குறிப்பு கிடைக்கிறது. செல்லுக்குள் பார்க்க மட்டும் தயோஃப்ளேவினைப் பரிந்துரைக்க மாட்டேன், அங்கே ஆர்.என்.ஏ.வும் திரண்ட புரதமும் அதை இழுத்துக்கொள்ளும்.

டி.என்.ஏ. துண்டுகளை மின்புலத்தில் ஓட்டிப் பிரிக்கும் ஜெல்லில் நிறமேற்றத் தயோஃப்ளேவின் மிக நன்று. ஓட்டி முடித்த ஜெல்லை முதலில் இதில் ஊறவைத்துப் படம் எடுத்துவிட்டு, பிறகு எல்லா டி.என்.ஏ.வையும் காட்டும் பொதுச் சாயத்தில் இட்டு மீண்டும் படம் எடுங்கள். இரு படங்களையும் அருகருகே வைத்தால், எந்தப் பட்டை நான்கிழையாக இருக்கக்கூடும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.