படுக்கையில் இருக்கும் இளைஞருக்கு எந்த ஏர் பெட் சரி?

படுத்தே இருப்பவருக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்க, பம்ப் வைத்து மாறி மாறிக் காற்று ஏறி இறங்கும் மெத்தைதான் ஏர் பெட். அதை வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது "தாத்தாவுக்கா, பாட்டிக்கா?" என்பதுதான். என் தம்பிக்கு வயது 22. தடுப்பூசி போடுகிற ஒன்பது மாதம்கூட ஆகாத கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கு மணல்வாரி அம்மை வந்து போனது. அந்த வைரஸ் மூளையிலேயே தங்கியிருந்து இப்போது எஸ்எஸ்பிஇ என்ற நோயாக வெளிவந்திருக்கிறது. பெரும்பாலும் பள்ளிக்கூட வயதிலேயே தெரிந்துவிடும், இவனுக்குக் கல்லூரி கடைசி வருடத்தில் தெரிந்தது. முதலில் கையில் இருப்பது நழுவி விழுந்தது, படித்தது மறந்தது, அப்புறம் உடம்பு விட்டு விட்டுத் தூக்கிப் போட ஆரம்பித்தது, மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் இ.இ.ஜி.யும் முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனையும் செய்த பிறகுதான் என்ன நோய் என்று சொன்னார்கள். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. சுற்றி இருக்கிற குழந்தைகள் எல்லோரும் ஊசி போட்டிருந்தால்தான் ஒன்பது மாதம் ஆகாத பிள்ளைக்குப் பாதுகாப்பு, அதனால் உங்கள் வீட்டுக் குழந்தைக்கு எம்.ஆர். (மணல்வாரி அம்மை, ரூபெல்லா) ஊசியைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சரி, மெத்தைக்கு வருகிறேன். பெரியப்பா வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய குமிழ் வகை ஏர் பெட்டைத்தான் முதலில் கொடுத்தார்கள். அசையாமல் படுத்திருந்த, எடை குறைந்த தாத்தாவுக்கு அது நன்றாகவே உதவியது. தம்பி வளர்ந்த பையன், நல்ல உயரம், எடையும் இருக்கிறது. ஒவ்வொரு முறை தூக்கிப் போடும்போதும் குதிகாலும் முழங்கையும் அந்த வினைல் மேல் உரசும். மெத்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் கால்பக்கம் நகர்ந்துவிடும், கரண்ட் போனால் சீக்கிரம் தொய்ந்துவிடும். அதனால் நீளநீளமான குழாய்களை வரிசையாக அடுக்கின மாதிரி இருக்கும் டியூப் வகையை வாங்கினோம். விலை இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் இப்படி உடம்பு வெட்டி இழுக்கிறவர்களுக்கு இதுதான் சரி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டிலோடு சேர்த்துக் கட்ட வார் இருக்கிறது, ஒரு குழாய் ஓட்டையானால் அதை மட்டும் மாற்றலாம், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் காற்று நிற்கிறது. துடைத்துவிடும்போது எல்லாக் குழாயும் ஒரே அளவாக நிற்கும்படி வைக்க ஒரு பொத்தான் உண்டு, அம்மாவுக்கு அது பெரிய உதவி.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி அக்கா ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார். ஆளைப் படுக்க வைத்தபின் உள்ளங்கையை மெத்தைக்கு அடியில், இடுப்பெலும்பு வருகிற இடத்துக்கு நேராக நுழைக்க வேண்டும். எலும்பு நேராகக் கையில் தட்டினால் காற்று போதாது, பம்பில் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். தலைப்பக்கம் உயர்த்தி மூக்குக் குழாயில் கஞ்சி கொடுக்கும்போது எடை முழுக்க அந்த இடத்தில்தான் இறங்கும், அப்போதும் ஒருமுறை பாருங்கள்.

மெத்தை வந்துவிட்டது என்று திருப்பிப் போடுவதை நிறுத்திவிடாதீர்கள். நானும் அப்பாவும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முறைபோட்டுத் திருப்புகிறோம், ராத்திரியிலும்தான். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்து, வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அந்தப் பக்கம் படுக்க வைப்பதில்லை. மேலே மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்று போதும். ரப்பர் ஷீட், போர்வை எல்லாம் அடுக்கினால் காற்று மெத்தை இருந்தும் பயனில்லை. வெயில் காலத்தில் முதுகு நனைந்துபோகிறது, விரிப்பை அடிக்கடி மாற்றத்தான் வேண்டும். குதிகாலுக்கு அடியில் எந்த மெத்தையும் போதாது, கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுகிறோம்.

பம்ப் சத்தம் குறைவுதான், பழகிவிடும். ஆனால் கட்டிலின் கால்பக்கம் பம்பை மாட்டியிருக்கிற கொக்கி இவன் அசைவில் ஆடி ஆடி, பம்ப் இரண்டு தடவை விழுந்துவிட்டது, இப்போது பழைய துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறோம். விழுந்ததில் பம்பிலிருந்து மெத்தைக்குப் போகும் காற்றுக் குழாயின் முனை உடைந்தது. விற்ற கடையில் உத்தரவாதம் பற்றிக் கேட்டால் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார்கள், கடைசியில் வேறு கடையில் காசு கொடுத்துத்தான் மாற்றினோம். வாங்கும்போதே பம்பும் குழாய் முனையும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, முனை ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.