உளவியல் சிகிச்சைக்கு மொத்தமாகப் பணம் கேட்கிறார்களா? கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

இணையவழியில் உளவியல் சிகிச்சை அளிப்பதாக விளம்பரம் செய்யும் ஒரு செயலிக்கு 24,000 ரூபாய் கட்டியிருந்தேன். அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பக் கிடைக்காது என்று நேற்று மாலை பதில் வந்திருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. எனினும் இதே முறையில் பணம் பறிக்கும் இடங்கள் வேறு பலவும் இருப்பதாகக் கேள்விப்படுவதால், மனம் ஆறும் வரை காத்திராமல் இப்போதே எழுதுகிறேன்.

அப்பா இறந்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த மருத்துவர், இதயத்தில் கோளாறு ஏதும் இல்லை என்றும் உளவியல் சிகிச்சை எடுத்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். அந்தச் செயலியில் முதல் அழைப்பு இலவசம். பேசிய பெண்மணி, "நீங்கள் கடைசியாக எப்போது நிம்மதியாகத் தூங்கினீர்கள்?" என்று தமிழில் கேட்டுவிட்டு, நான் அழுது முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் காத்திருந்தார். அப்பாவின் கடைசி இரவைப் பற்றி வீட்டில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அழைப்பு முடிந்த சற்று நேரத்தில், 50 நிமிட அமர்வுகள் 12 சேர்ந்த பேக்கேஜ் 30,000 ரூபாய், இன்று இரவுக்குள் கட்டினால் 24,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் கட்டண இணைப்பு வந்தது. அவரே சிகிச்சை அளிப்பார் என்று நம்பித்தான் பணம் கட்டினேன்.

அவர் உளவியலாளரே அல்லர், விற்பனைப் பிரிவு ஊழியர் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு ஒதுக்கப்பட்டவர் தாமதமாக இணைந்து, எழுதி வைத்த கேள்விகளை வரிசையாக வாசித்து, அரைமணி நேரத்தில் அமர்வை முடித்துவிட்டார். பதிவு எண்ணைக் கேட்டதற்கு, இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பு முடித்திருப்பதாகச் சொன்னார். அடுத்த அமர்வுக்கு இன்னொருவர் வந்து, மீண்டும் முதலிலிருந்து என்ன பிரச்சினை என்று கேட்டார். தந்தையின் மரணத்தைப் புதிது புதிதாக வருகிறவர்களிடம் ஒப்பிப்பதற்கா 24,000 ரூபாய்?

மீதிப் பணத்தைக் கேட்டபோது, "உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம்" என்ற ஒரே வாக்கியம் வெவ்வேறு பெயர்களில் வந்துகொண்டிருந்தது. பிறகு, பேக்கேஜுக்கு 90 நாள் கெடு, ஒரு நாள் முன்னதாகச் சொல்லாமல் நேரத்தை மாற்றினால் அந்த அமர்வு கழிந்துவிடும், பணத்துக்குப் பதில் செயலியின் புள்ளிகள்தான் தருவோம் என்று கட்டும்போது சொல்லாத நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. கடைசியாகப் பேசியவர், "அப்பா இறந்த இரவு உங்களை இவ்வளவு பாதித்திருக்கும்போது பாதியில் நிறுத்தினால் நிலைமை மோசமாகும்" என்றார். சிகிச்சைக்காக நான் நம்பிச் சொன்ன ஒன்றை எடுத்து, பணம் கேட்டவளின் வாயை அடைப்பதற்குப் பயன்படுத்தினார்கள். 24,000 ரூபாய் போனதைவிட இதை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

காப்பீட்டு நிறுவனமும் கைவிரித்துவிட்டது. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னாலும், என் பாலிசி மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்துமாம்.

விரிவாக வழிகாட்ட இப்போது எனக்குத் தெம்பில்லை. அவசியமானவற்றை மட்டும் சொல்கிறேன். ஒவ்வோர் அமர்வுக்கும் தனித்தனியாகப் பணம் பெறுகிறவரிடம் மட்டும் போங்கள். அமர்வு எத்தனை நிமிடம், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், அதே நபர்தான் தொடர்ந்து பார்ப்பாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் அவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (RCI) பதிவு எண்ணைக் கேளுங்கள். வெறுமனே தெரபிஸ்ட், கவுன்சிலர் என்று போட்டுக்கொள்வதால் அந்தப் பதிவு இருப்பதாக ஆகிவிடாது. கையில் பணம் இல்லாதவர்களுக்கு அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண் இலவசம், தமிழிலும் பேசலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிகளாகவும் பார்க்கிறார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள்; நானும் பதிந்திருக்கிறேன்.

ஏற்கெனவே பணம் கட்டியிருப்பவர்கள் ரசீதையும் உரையாடல்களையும் இன்றே படமெடுத்து வையுங்கள். புகார் பதிந்த பிறகு என் கணக்கை முடக்கிவிட்டார்கள். செயலிக்குள் இருந்த பழைய உரையாடல் எதுவும் இப்போது திறக்கவில்லை.