கரண்ட் போனதும் ஆறிப்போன "இயற்கை" வெந்நீர் ஊற்று

மலைப்பக்கம் வெந்நீர் ஊற்று ஸ்பா தேடிக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இடத்தின் பெயரைப் போடவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்ட புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எப்படியும் இந்த வித்தை ஒரே இடத்தில் மட்டும் நடப்பதில்லை.

அம்மாவுக்கு மூட்டுவலி. கந்தக நீரில் உட்கார்ந்தால் கொஞ்சம் இதமாக இருக்கும் என்று யாரோ சொல்ல, அவருக்கும் ஆசை வந்துவிட்டது. விளம்பரப் படத்தில் பால் போல வெள்ளையாக ஒரு திறந்தவெளிக் குளம், அதன் மேல் ஆவி, பின்னால் மலை. "பூமிக்கடியிலிருந்து நேரடியாக வரும் கந்தக நீர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போனிலும் கேட்டேன், ஊற்று நீர்தானே என்று. "நூறு சதவீதம் சார்" என்றார்கள்.

போய் இறங்கியதும் டவலுக்குத் தனிக் காசு, லாக்கருக்குத் தனிக் காசு. படத்தில் பார்த்த திறந்தவெளிக் குளம் பராமரிப்பில் இருக்கிறதாம், உள்ளே இருக்கும் குளத்துக்குத்தான் அனுமதி. "உடல்நலப் பரிசோதனை" என்று ஒரு தொகை பில்லில் ஏறியது. பரிசோதனை என்றால் ஒரு படிவத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு என்று நானாகச் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதெல்லாம் எரிச்சல் ரகம். இவற்றுக்காக மட்டும் பதிவு எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

விஷயம் தண்ணீரில் இருந்தது. ரிசப்ஷனில் கல்தொட்டி ஒன்று வைத்து அதில் கந்தக வாடை வரும்படி செய்திருந்தார்கள். குளத்துக்குப் போனால் அந்த வாடை துளியும் இல்லை. கண்ணை எரிக்கும் குளோரின் நெடிதான். (நல்ல பராமரிப்பில் இருக்கும் குளம் அப்படி நாறாது. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் சேர்மங்கள்தான் அந்த நெடிக்குக் காரணம்.) அம்மா வெள்ளி மோதிரத்தைக் கழற்றாமலே இறங்கிவிட்டார். கந்தக வாயு கலந்த நீர் வெள்ளியைக் கறுக்க வைக்கும். அவருடைய மோதிரம் முன்னைவிடப் பளபளப்பாக வெளியே வந்தது.

சூடும் அதிகம். சுவரிலிருந்த வெப்பமானி 38 டிகிரி என்றது, ஆனால் கால் வைக்கவே தயங்கும் அளவுக்குக் கொதித்தது. எழுந்து படியேறும்போது அம்மாவுக்குத் தலைசுற்றி, நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும், சட்டென்று எழுந்தால் மயக்கம் வரும். இப்படிப்பட்ட குளங்களில் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டல். அங்கே அதைக் கவனிக்க ஓர் ஆள்கூட நிற்கவில்லை.

மறுநாள் காலையில் கரண்ட் போனது. போய் ரொம்ப நேரம் வரவில்லை. குளத்தை எட்டிப் பார்த்தால் வெதுவெதுப்புக்கூட இல்லை, வெள்ளை நிறம் அடியில் தங்கித் தண்ணீர் தெளிந்து கிடந்தது. வெப்பமானி மட்டும் விசுவாசமாக அதே 38-இல் நின்றது. கரண்ட் போனால் ஊற்று நின்றுவிடுமா என்று ஊழியரிடம் கேட்டேன். "பாய்லர் ஓடலைன்னா என்ன சார் பண்றது" என்றார், பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார். கரண்ட் வந்த பிறகு இன்னொருவர் ஒரு வாளிப் பொடியைக் கொண்டுவந்து ஓரமாகக் கொட்டிக் கலக்கினார். கொஞ்ச நேரத்தில் குளம் பழையபடி பால் வெள்ளை.

மேலாளர் அசரவில்லை. கந்தக நீர் காற்றுப் பட்டால் தானாக வெள்ளையாகும் என்று பாடம் எடுத்தார். அது உண்மைதான், சில ஊற்றுகளில் தெளிவாக வரும் நீர் வெளியே வந்த பிறகுதான் வெளுக்கும். அதற்கு எதற்கு வாளி என்று கேட்டதும் "வாசனைக்காக" என்றார்.

இதே பொடி வேலை ஜப்பானின் நாகனோ மலைப்பகுதியில், பால் வெள்ளை நீருக்குப் பேர்போன ஷிராஹோனே ஊற்றூரில் 2004-இல் அம்பலமானது. நிறம் மங்கியதால் குளியல் பொடி கலந்திருந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே விதியைத் திருத்தினார்கள்: பச்சைத் தண்ணீர் சேர்க்கிறீர்களா, சூடேற்றுகிறீர்களா, அதே நீரைச் சுற்றவிடுகிறீர்களா, பொடியோ கிருமிநாசினியோ போடுகிறீர்களா, எல்லாவற்றையும் எழுதி மாட்ட வேண்டும். சூடேற்றுவது அங்கேயும் குற்றமல்ல. 1948-ஆம் ஆண்டு ஜப்பானியச் சட்டப்படி வெந்நீர் ஊற்று என்று சொல்லிக்கொள்ள ஊற்றுவாயில் 25 டிகிரி இருந்தாலே போதும். குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்று போதிய அளவில் இருந்தால் அந்தச் சூடுகூட வேண்டாம். எனக்கும் பாய்லர் மேல் கோபமில்லை. பாய்லர் என்று சொல்லியிருந்தால் பாய்லருக்கு உரிய விலையைக் கொடுத்திருப்பேன்.

அதனால் பணம் கட்டுமுன் அந்த நான்கு கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். கூடவே நீர்ப் பகுப்பாய்வு அறிக்கை கேளுங்கள்: மாதிரி எங்கே எடுத்தது, எந்தத் தேதியில், ஊற்றுவாயில் எத்தனை டிகிரி. உண்மையான ஊற்று வைத்திருப்பவர்கள் அதைப் பெருமையாக ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். நீரைச் சுற்றவிடும் இடமென்றால் கிருமிநாசினி முறையையும் விசாரியுங்கள். லெஜியோனெல்லா பாக்டீரியா 20-லிருந்து 45 டிகிரி வரையுள்ள நீரில் வளரும், நீர்த்துளியோடு மூச்சில் போய் நுரையீரலைத் தாக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் இதை விடவே கூடாது.

பணம் கேட்டு எழுதியதற்கு முதலில் "அனுபவம் பயன்படுத்தப்பட்டுவிட்டது" என்று பதில் வந்தது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாளியோடு நிற்கும் படம், ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வங்கியில் கார்டு பரிவர்த்தனைப் புகாராகப் போட்டேன். அதன் பிறகு அவர்களே கூப்பிட்டு, பாதித் தொகை தருகிறோம், இன்னொரு முறை தங்க இலவசக் கூப்பனும் தருகிறோம் என்றார்கள். கூப்பன் வேண்டாம் என்றுவிட்டேன். மீதிப் பாதிக்கான புகார் வங்கியில் நிற்கிறது. விளம்பரத்தில் அந்தப் படம் இன்னும் அப்படியே இருக்கிறது.